முதல் கொம்பு இல்லாமல்

லுசெனோவ்,
1977 பிப்ரவரி, புதன்கிழமை

அன்புள்ள ஹினெக்குக்கு,

மிலாடா எழுதுவது. ஈஸ்டருக்கு வராதே. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிடு, மிச்சக் கடிதம் கிழிந்துபோனாலும் பரவாயில்லை. வராதே. பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

இதை உன் கையில் கொடுத்திருப்பது நம் ஹெர்மீனா. இசைக்குழுவில் எல்லாருடைய கோட்டையும் இத்தனை வருஷமாகத் தைத்துத் தேய்த்துக் கொடுத்தவளை உனக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பென்ஷன் வாங்கும் கிழவி வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால் சர்க்காருக்கு லாபம்தானே? அதனால் வியன்னாவில் இருக்கும் அக்காவைப் பார்க்க அவளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். கடிதத்தை எங்கே ஒளிக்கப்போகிறாய் என்று கேட்டேன். "என் உள்பாடிக்குள்ள கை விடுற தைரியம் என் புருஷனுக்கே இருந்ததில்ல. எல்லையில நிக்கிற பொடிப்பசங்களுக்கு வந்துடுமா?" என்றாள். ஆகவே இந்த ஒரு தடவை யாருக்கும் பயப்படாமல் எழுதுகிறேன்.

ஜனவரியில் தபாலில் ஒரு கடிதம் வந்ததே, "அன்புக் கணவரே, நம் தாய்நாடு பெருந்தன்மையோடு உங்களை மன்னிக்கக் காத்திருக்கிறது" என்று, அது இயக்குநர் குபாட்டின் அறையில் உட்கார்ந்து எழுதியது. வார்த்தை அவருடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து உன்னை என்றைக்காவது 'அன்புக் கணவரே' என்று கூப்பிட்டிருக்கிறேனா? அந்த முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா, மரமண்டை? நீயோ உடனே அட்டை போடுகிறாய், ஈஸ்டருக்கு வருகிறேன், அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று. அந்த அட்டையைப் படித்துவிட்டு நான் முதலில் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று முழுக்க வீட்டை ஒழித்துப் பெருக்கி, உன் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டேன்.

ஏன் அந்தக் கடிதத்தை எழுதிக்கொடுத்தேன், ஏன் இப்போது வராதே என்கிறேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். இங்கே நடந்தது பாதிகூட உனக்குத் தெரியாது.

குழு எல்லை தாண்டி மேற்கே எங்காவது கச்சேரிக்குப் போனால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் குழுவில் இருக்கும் வீட்டில் ஒருவர் இங்கேயே நிற்க வேண்டும், இல்லையா? 'இந்தத் தடவை யார் அடகு?' என்று நாம் எல்லாரும் பேருந்து நிலையத்தில் நின்று சிரிப்போம். லின்ஸ் கச்சேரிக்கு நான் அடகு. பேருந்து திரும்பி வருகிற அன்று உனக்காகப் பிளம் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டியது நீ இல்லை, வோய்தெக். உன் பக்கத்து நாற்காலிக்காரன், உன் முதல் கொம்புக்கு அடுத்து இரண்டாம் கொம்பு வாசிப்பவன், கையில் உன் கறுப்புக் கோட்டை ஹாங்கரோடு தூக்கிக்கொண்டு நின்றான். "அவன் வரல, மிலாடா. அங்கேயே தங்கிட்டான்" என்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே மூன்று கொழுக்கட்டை தின்றுவிட்டு, அப்புறம் அழுதான்.

ஆறு மாதத்தில் என்னையும் நம் மகள் பிளாங்காவையும் உன்னிடம் அனுப்பிவிடுவார்கள் என்று நீ நினைத்தாய். அப்படி நினைத்தது உன் முட்டாள்தனம். உன் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. இன்னும் இருக்கிறது. உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். ஆனால் அது நம் இரண்டு பேருக்குள் இருக்கும் கோபம். அதைக் குபாட்டுக்குக் கடன் கொடுக்க நான் தயாராக இல்லை.

குபாட்டை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு பழைய இயக்குநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை ஆலையில் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்தவர். இசையில் அவருக்குத் தெரிந்தது கைதட்டுவது ஒன்றுதான். அதையும் மெதுவான பகுதி முடிந்ததும், பாட்டே முடிந்துவிட்டதென்று நினைத்துத் தட்டிவிடுவார். வெளிநாட்டுக் கச்சேரி எல்லாம் ரத்து. என்னை வயோலாக்களின் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். முன்பெல்லாம் உன் கொம்புச் சத்தம் என் பிடரியில் வந்து விழும். இப்போது உன் நாற்காலியில் ஒஸ்ட்ராவாவிலிருந்து வந்த ஒருவன். மோசமாக வாசிக்கிறான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நன்றாகத்தான் வாசிக்கிறான்.

குழுவுக்கு முப்பது வயது ஆனதைப் போன அக்டோபரில் கொண்டாடினார்கள். உன் அப்பாவை மேடையேற்ற வேண்டும் என்றார் குபாட். ஏற்றாமல் முடியுமா? போர் முடிந்த அடுத்த குளிர்காலம், சர்க்கரை ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில், தீயணைப்புப் படையின் பாண்டுக்காரர்களையும் மருந்துக்கடைக்காரரையும் இரண்டு பள்ளி ஆசிரியர்களையும் உட்காரவைத்து இந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர்தானே. கேட்க வந்தவர்கள் டிக்கெட்டுக்குப் பதில் ஆளுக்கொரு நிலக்கரிக் கட்டி கொண்டுவந்து அடுப்பில் போட்டார்களாம். "அன்னிக்கு எங்களுக்கு சுருதி சேரல. ஆனா கூடம் கதகதன்னு இருந்துச்சு" என்பார். ஒரு தடவையா, நூறு தடவை கேட்டிருப்போம்.

குபாட் ஒரு பேச்சைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அதில் பாதி குழுவின் வரலாறு, மீதிப் பாதி நீ. 'என் சொந்த மகன் மக்களுக்கும் கலைக்கும் துரோகம் செய்தான் என்பதை வெட்கத்தோடு' என்று போனது. அப்பா வாங்கிப் படித்தார், சரி என்று தலையாட்டினார். அவரோடு மூன்று நாள் பேசவில்லை.

அன்று கூடம் நிரம்பியிருந்தது. மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் முதல் வரிசையில். அப்பா மேடையில் ஏறினார், கண்ணாடியை மாட்டினார், பிறகு வாயில் கைவிட்டு மேல்செட்டுப் பல், கீழ்செட்டுப் பல் இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சை ஒரு வரி விடாமல் முழுசாகப் படித்தார். ஹினெக், ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கவில்லை! 'ப்ப்', 'ஃப்ப்' என்று காற்றுத்தான் வந்தது. முதலில் தாளவாத்தியக்காரர்கள் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் கூடம் முழுக்கக் குலுங்கியது. குபாட் என்ன செய்வார், அவர் எழுதிய பேச்சாயிற்றே, எழுந்து நின்று கைதட்டினார். இறங்கி வந்த அப்பாவிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஈறு வலி, தோழர் இயக்குநரே. கொம்பு வாசிச்ச வாய் கடைசியில இப்படித்தான் ஆயிடுது" என்றார். அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த பூண்டு சூப் வைத்துக் கொடுத்தேன்.

அதுதான் நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

டிசம்பரில் அவர் போய்விட்டார். தந்தியில் அது மட்டும்தான் எழுத முடிந்தது. காலையில் முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். வலி இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். பாதி முகத்தில் சோப்பு இருந்தது. நான்தான் மீதியைச் சவரம் செய்து முடித்தேன். நீ செய்ய வேண்டியது.

குழுவில் யார் செத்தாலும் கல்லறையில் நான்கு கொம்பும் அந்த இரங்கல் பாட்டை வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவரே அப்பா. அவருக்கு வாசிக்காமல் இருக்க முடியாது என்று குபாட்டுக்கும் தெரியும். அனுமதி கொடுத்தார். ஆனால் வோய்தெக்கைக் கூப்பிட்டு, ஓடிப்போனவன் பேர் கல்லறையில் எந்த வடிவத்திலும் வரக் கூடாது, பேச்சிலும் கூடாது, மலர்வளையத்திலும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடக்கத்தன்று காலையில் அந்த ஒஸ்ட்ராவாக்காரனுக்குத் திடீரென்று காய்ச்சல். நம்பு, நம்பாமல் இரு. ஆக மூன்றே கொம்பு.

முதல் கொம்பில்தான் பாட்டே இருக்கிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மூன்றும் கீழே நின்று தாங்குகிற குரல்கள். ஆள் குறைந்தால் இரண்டாம் கொம்புக்காரன் மேலே ஏறி முதல் கொம்பை வாசிப்பான், அதுதான் எங்கும் நடப்பது. வோய்தெக்குக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் குழிக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான்காவது ஆள் நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத்தான் நின்றார்கள். வோய்தெக் கொம்பை உதட்டில் வைத்தான். இரண்டாம் கொம்பையே வாசித்தான்.

பாட்டு இல்லை, ஹினெக். கீழே தாங்குகிற மூன்று குரல் மட்டும் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மேலே ஒன்றுமே இல்லை. ஊரில் யாருக்குத்தான் அந்தப் பாட்டு தெரியாது? எத்தனை பேரை அதை வாசித்துப் புதைத்திருக்கிறோம். எல்லாருக்கும் அந்த வெற்றிடத்தில் உன் கொம்பு கேட்டது. எனக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது, அந்த மூன்றாவது வரியில் நீ மூச்சு எடுக்கும் இடம்கூட. பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டார். நீ போனதிலிருந்து என்னைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். அப்பாவுக்காக மட்டும் அழவில்லை. அன்று நாங்கள் இரண்டு பேரைப் புதைத்தோம், ஒருவருக்குத்தான் பெட்டி இருந்தது.

மறுநாளே மூன்று பேரையும் கூப்பிட்டார் குபாட். வோய்தெக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தோழர் இயக்குநரே, நீங்க பேர் வரக் கூடாதுன்னீங்க, வரல. என்னை எடுத்தது ரெண்டாம் கொம்புக்கு. ரெண்டாம் கொம்பு வாசிச்சேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க?" தப்பைச் சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் மூன்று பேருக்கும் வேலை போயிற்று. வோய்தெக் இப்போது பால்பண்ணையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறான். மற்ற இருவரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். கொம்பில் அந்த ஒஸ்ட்ராவாக்காரன் ஒருவன்தான் மிச்சம் என்பதால் இந்த ஜனவரி முழுக்க வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துத்தான் கச்சேரி. ஊர்ச் சனம் என்னையும் என் வயோலாவையும் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறது.

வோய்தெக்கின் மனைவி ரூஜெனா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய கடைக்குட்டிக்கு நீதானே ஞானத்தகப்பன். "உன் வீட்டுக்காரர் ஒருத்தர் போனதுக்கு எத்தன வீட்டு அடுப்பு அணையணும், சொல்லு மிலாடா" என்றாள். அதே வாரம் குபாட் என்னைக் கூப்பிட்டார். உன்னைத் திரும்பி வரச்சொல்லி நான் எழுதினால் உனக்கு மன்னிப்பு, மூன்று பேருக்கும் வேலை திரும்பவும் கிடைக்கும் என்றார். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, அத்தனை மரியாதையாகச் சொன்னார். உட்கார்ந்து எழுதிவிட்டேன். ரூஜெனாவுக்காக எழுதினேன் என்று சொல்லலாம். எனக்காகவும்தான் எழுதினேன். நீ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை நினைத்துத்தான் ஒவ்வொரு எழுத்தும் போட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு வோய்தெக் வந்தான், கை முகமெல்லாம் கரியோடு. அவ்வளவு கோபத்தில் அவனை நான் பார்த்ததில்லை. "அவனை வரச்சொல்லி எழுதிட்டியாமே? எனக்கு வேலை வேணும்னு உங்கிட்ட நான் கேட்டனா? கொதிகலன்கிட்ட கதகதப்பா இருக்கேன், யாரும் சுருதி சேரலன்னு திட்டுறதில்ல" என்று கத்தினான். பிறகு சத்தம் குறைந்து, "அவன் வந்து அந்தாளு முன்னாடி தலைகுனிஞ்சு நின்னா, நாங்க அன்னிக்கு வாசிச்சது வீணாப் போயிடும்மா" என்றான். என்ன இருந்தாலும் அவனுடைய உதடு இப்போது கரிப்புகையில் வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவன் பேச்சைக் கேட்டேன்.

அப்போதும்கூட நான் மனம் மாறவில்லை. மாறியது போன வாரம். குபாட்டின் புதுக் கோட்டுக்கும் கால்சட்டைக்கும் அளவு பார்க்க ஹெர்மீனா அவர் அறைக்குப் போயிருக்கிறாள். வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு அவர் காலடியில் முட்டிபோட்டுக் கால்சட்டை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்ததாம். தையல்காரிக்கு யார் மறைப்பார்கள்? அவர் பேசியதை அவள் எனக்கு அதே குரலில் பேசிக் காட்டினாள். "மன்னிப்பா? அது மத்தவங்களுக்கு. இவனுக்குத்தான் தீர்ப்பு எழுதி வெச்சாச்சே. வரட்டும், எல்லையிலயே பிடிச்சுக்குங்க. கொம்புக்காரங்களா? அந்த இடத்துக்கெல்லாம் வேற ஆள் எடுத்தாச்சு, மார்ச்சுல வராங்க." நீ ஈஸ்டருக்கு வந்தால் அப்பாவின் கல்லறை வரைக்கும்கூட வந்து சேர மாட்டாய். எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்களோ. வெளியே வரும்போது உன் பல்லும் உதடும் கொம்புக்கு ஆகாது.

இதை ரூஜெனாவிடம் சொல்ல முடியாது. யார் சொன்னது என்று கேட்பாள், ஹெர்மீனா மாட்டிக்கொள்வாள். நீ வரவில்லை என்றால், என் புருஷன் சொகுசுக்காகத் தன் புருஷன் கரி அள்ளுகிறான் என்றே ரூஜெனா சாகும்வரை நினைப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். நேற்று ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள், நான் வந்ததைப் பார்த்ததும் வரிசையை விட்டே போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து ஒரு ரொட்டி வாங்கி, பிறகு கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை. அது இங்கே மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இனி நான் செய்யப்போவதைக் கேள். நீ ஈஸ்டருக்கு வரவில்லை என்றால் அடுத்த கடிதத்தைப் பிளாங்காவின் கையால் எழுதவைப்பார்கள். குபாட் இப்போதே அவளைப் பற்றி விசாரிக்கிறார், செல்லோ நன்றாக வாசிக்கிறாளாமே, பிர்னோ இசைப்பள்ளிக்கு மனுப் போட்டிருக்கிறாளாமே என்று. உன் மகள் 'அப்பா வா' என்று எழுதினால் நீ ரயிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாய், நடந்தே கிளம்பிவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியாதா? என்னை இங்கே கட்டிப்போட்டு, அந்தக் கயிற்றை வைத்துத்தான் உன்னை இழுக்கிறார்கள். அடகு வைத்த பொருள் இன்னும் கடையிலேயே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் விவாகரத்துக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஓடிப்போனவனின் மனைவிக்கு இதில் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பதில்லை, வரும் செவ்வாய்க்கிழமையே விசாரணை. அப்புறம் நான் உனக்கு யாரோ, பிளாங்கா விவாகரத்தானவள் வீட்டுப் பெண். யாரோ ஒருவனுக்குக் கடிதம் எழுது என்று அவர்கள் எங்களிடம் எந்த முகத்தோடு கேட்பார்கள்? பள்ளியிலும் அவளுக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள்.

கணவர் மேல் இன்னும் ஏதாவது பிரியம் இருக்கிறதா என்று நீதிபதி கேட்பாராம். இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். நேற்று பாத்திரம் துலக்கும்போது சொல்லிப் பழகிப் பார்த்தேன். 'இல்லை' என்று ஒரு தடவை, கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை. "யாருகிட்டம்மா பேசுற?" என்று அடுத்த அறையிலிருந்து பிளாங்கா கேட்டாள். குழாயோடு பேசுகிறேன் என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, ஹினெக். எனக்கு எதுவுமே தெரியவில்லை.

இதற்கப்புறம் இங்கிருந்து என் கையெழுத்தில் எது வந்தாலும் நம்பாதே. நான் சாகக் கிடக்கிறேன் என்று வந்தாலும் நம்பாதே. பிளாங்காவின் கையெழுத்தில், கண்ணீர் சொட்டின கடிதமாக வந்தாலும் நம்பாதே. நான் எழுதியதில் உண்மை என்று நீ வைத்துக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான். நான் வேறு வழி யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. கல்லறைக்கு மெழுகுவர்த்தியை நான் ஏற்றுகிறேன். உன் பங்குக்கும் ஒன்று சேர்த்து வைக்கிறேன்.

ஹெர்மீனாவிடம் ஒரு சின்னத் தகர டப்பா கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாத்தின் கொழுப்பு. உருக்கி, வடிகட்டி, உனக்குப் பிடித்த மாதிரி உப்புப் போடாமல் எடுத்து வைத்தது. அங்கே கடையில் விற்பதை எல்லாம் பூசாதே, உனக்குச் சேராது. கச்சேரிக்கு முன்னால் இதையே கொஞ்சம் எடுத்து, முன்பு நான் பூசிவிடுவேனே, அதே போல மேலுதட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூசு. கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினால் வசந்தம் வரைக்கும் வரும். உன் உதடு வெடிக்காமல் இருக்கட்டும். உன் பல் உன் அப்பாவுக்குப் போன மாதிரிப் போகாமல் இருக்கட்டும். மூன்றாவது வரியில் நிதானமாக மூச்சை எடு. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், இங்கே அவருக்கு வேலை இல்லை.

வரும் செவ்வாய்க்கிழமை வரை உன் மனைவி,
மிலாடா